கரிசலில் புழங்கும் ஆங்கிலம்

கரிசல் மண்ணான கோவில்பட்டி வட்டாரத்தில் ஆங்கிலம் யாருக்கும் வீட்டுமொழி அன்று. கடைத்தெருவில் பேரம் பேசுவதும் அதில் இல்லை. ஆனாலும் தீப்பெட்டியின் மேல்சீட்டு, கடலைமிட்டாய்ப் பொட்டலத்தின் பின்பக்கம், தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சரக்கின் தாள்கள், வானிலை அறிக்கை, பயிர்க் காப்பீட்டு விதிகள், மாவட்டச் செய்தி, வேலைக்கு அனுப்பும் விண்ணப்பம் என்று பிழைப்பைத் தீர்மானிக்கும் இடங்களில் எல்லாம் அது இருக்கிறது. ஊடகத்திலும் தொழிலிலும் ஆங்கிலம் எப்படிப் பயன்படுகிறது என்று ஆராயும் துறைக்கு இந்தத் தாள்கள்தான் மூலப்பொருள். யார் எழுதுகிறார், யாருக்கு எழுதுகிறார், எந்தச் சட்டத்துக்கு உட்பட்டு எழுதுகிறார், எதைச் சொல்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்பவை அத்துறையின் அடிப்படைக் கேள்விகள். இலக்கணப் பிழை பார்ப்பது அதற்கு அடுத்த வேலை.

இத்துறைக்கு இந்தியாவில் உறுதியான அடித்தளம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1961ஆம் ஆண்டு அச்சான ஆங்கிலத்திலிருந்து 500 பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2,000 சொற்கள், மொத்தம் 10 லட்சம் சொற்கள் என்று ஒரு தரவகம் தொகுக்கப்பட்டது. அதில் 88 பகுதிகள் பத்திரிகை எழுத்து: செய்தி 44, தலையங்கம் 27, மதிப்புரை 17. அதே அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ்.வி. சாஸ்திரி தலைமையில் 1978ஆம் ஆண்டின் இந்திய ஆங்கிலம் தொகுக்கப்பட்டது. கோலாப்பூர்த் தரவகம் என்று பெயர் பெற்ற அதன் பயன் பெரியது. இந்திய ஆங்கிலம் எங்கெங்கே தனக்கென ஒரு நடை வைத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்துச் சொல்ல அதனால் முடிந்தது. அதுவரை பிழை என்று திருத்தப்பட்டவற்றில் பல, நாடு முழுவதும் படித்தவர்கள் சீராகப் பயன்படுத்தும் வழக்குகள் என்று தெரிந்தது. தொழில்சார் எழுத்தைப் பொறுத்தவரை விஜய் கே. பாட்டியா 1993இல் வெளியிட்ட நூல் முக்கியமானது. ஒவ்வொரு வகை ஆவணமும் ஒரு நோக்கத்துக்காகப் பிறக்கிறது, அந்த நோக்கத்துக்கு ஏற்ற நகர்வுகள் அதற்குள் வரிசையாக அமைகின்றன என்று அவர் காட்டினார்.

கரிசலுக்குத் திரும்பினால் முதலில் கண்ணில் படுவது தீப்பெட்டி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய பிறகு சிவகாசியில் வேர்விட்ட இத்தொழில், சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் என்று பரவியது. மழை பொய்த்த வருடங்களில் மானாவாரி நிலம் கைவிட்ட குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது இத்தொழில்தான். இந்த வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. "தீப்பெட்டி ஆபீஸ்" என்றுதான் சொல்வார்கள். கட்டை அடுக்கப் போகும் பெண்கள் ஆபீசுக்குத்தான் போகிறார்கள். ஆங்கிலச் சொல் ஒன்று, ஆங்கிலத்தில் இல்லாத ஒரு பொருளோடு, மூன்று தலைமுறையாக இங்கே குடியிருக்கிறது. ஆனால் அந்த ஆபீசிலிருந்து வெளியேறும் பெட்டியின் மேல் இருக்கும் ஆங்கிலம் வேறு வகை. அதில் சொந்தப் பொருளுக்கு இடமே இல்லை.

பெட்டியின் மேல் "சேஃப்டி மேட்சஸ்" என்று அச்சிட்டிருப்பதைப் பலரும் விளம்பரப் பெருமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வகைப்பெயர். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரசும் தனித்தனியே இருப்பதால், கண்ட இடத்தில் உரசினால் பற்றாத தீக்குச்சி என்பது அதன் பொருள். கப்பலில் ஏற்றும்போது இது இன்னும் இறுகுகிறது. ஆபத்தான சரக்குகளுக்கான பன்னாட்டு விதிகளில் இப்பொருளுக்கு ஐ.நா. எண் 1944, வகுப்பு 4.1, அதாவது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். சரக்குத் தாளில் எழுத வேண்டிய பெயர் "மேட்சஸ், சேஃப்டி". பொருட்பெயர் முதலில், காற்புள்ளி, பிறகு அடை. இந்தச் சொற்களுக்குப் பதில் வேறு நல்ல சொல் போட்டு எழுத முடியாது. சாமான் எங்கே அடுக்கப்பட வேண்டும், தீப்பிடித்தால் எதை ஊற்ற வேண்டும் என்பதை மாலுமி இந்தப் பெயரையும் எண்ணையும் வைத்தே முடிவு செய்கிறார். பள்ளிக் கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் ஆசிரியர் குறைத்து மதிப்பிடுவார். இங்கே அதே சொல்லைத் திரும்ப எழுதாவிட்டால் சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும். தொழில்சார் ஆங்கிலத்தின் முதற்பாடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறு ஊரில் கிடைப்பது அரிது.

உள்நாட்டுச் சரக்கிலும் ஆங்கிலம் விரும்பி எடுத்துக்கொண்ட அலங்காரம் அன்று. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, பொட்டலத்தின் மேல் கட்டாயமாகத் தர வேண்டிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். தமிழில் மட்டும் அச்சிட்டால் போதாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய், கோவில்பட்டியிலேயே விற்று, கோவில்பட்டிக்காரரே வாங்கித் தின்றாலும், உற்பத்தியாளர் முகவரி, நிகர எடை, தயாரித்த அல்லது பொட்டலமிட்ட தேதி, எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை ஆகியவற்றை ஆங்கிலத்தில் தாங்கி நிற்பது இதனால்தான். படிக்க வேண்டியவர் நுகர்வோர். ஆனால் அந்த எழுத்து சோதனை அதிகாரியை நோக்கியே அமைந்திருக்கிறது. தமிழ் மட்டும் அறிந்த வாங்குபவருக்குத் தெரிய வேண்டியதைத் தமிழில் தருவதை உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விட்டிருப்பது குறைபாடு.

அதே கடலைமிட்டாய் 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு பெற்றது. இக்குறியீட்டுக்கான 1999ஆம் ஆண்டுச் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவகம் சென்னையில் இருக்கிறது. விண்ணப்பத்தில் பொருளின் விவரிப்பு, நில எல்லையும் வரைபடமும், அந்த ஊரில்தான் பிறந்தது என்பதற்கான சான்று, செய்முறை, தனித்தன்மை, கண்காணிக்கும் அமைப்பு ஆகியவற்றைத் தனித்தனியாகத் தர வேண்டும். செய்முறை என்ற பகுதிதான் மொழி ஆய்வாளருக்கு விருந்து. பட்டறையில் பாகு காய்ச்சுபவர் கரண்டியில் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவார். அது இறுகி, எடுத்து ஒடித்தால் "டக்"கென்று ஒடிய வேண்டும்; வளைந்தால் இன்னும் கொஞ்சம் தீ; கருகிய வாடை எட்டிவிட்டால் அந்தக் கொப்பரை வீண். இதே பதத்துக்கு மிட்டாய்த் தொழிலின் ஆங்கிலத்தில் "ஹார்ட் கிராக்" என்று பெயர். வெப்பமானியில் ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸ். ஆவண நடையில் எழுதும்போது காய்ச்சுபவர் மறைந்துபோகிறார். பாகு காய்ச்சப்படுகிறது, கடலை சேர்க்கப்படுகிறது, பலகையில் பரப்பப்படுகிறது, துண்டு போடப்படுகிறது என்று எல்லாம் செயப்பாட்டுவினையில் நடக்கும். யார் செய்தாலும் இதே பொருள் வரும் என்று உறுதி தருவதே அந்த நடையின் வேலை. ஆனால் அந்த ஊரின் கைப்பக்குவம்தான் தனித்தன்மை என்று வாதிட வேண்டிய விண்ணப்பத்துக்கு அந்தக் கை வேண்டும். ஆள் இல்லாத நடையில் ஆளின் திறமையை நிறுவுவது இவ்வகை ஆவணத்தின் கடினமான இடம். நல்ல வரைவாளர் கண் பார்த்தும் ஒடித்தும் பதம் அறியும் முறையைச் சோதனைமுறையாகவே எழுதி அந்தக் கையை உள்ளே கொண்டுவந்துவிடுவார்.

வானிலை அறிக்கை கரிசல்காரர்கள் அதிகம் கவனிக்கும் ஆங்கிலம், அது ஆங்கிலம் என்று தெரியாமலே. தமிழ்ச் செய்தியில் வரும் "ஓரிரு இடங்களில் கனமழை" என்னும் தொடருக்குப் பின்னால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஆங்கிலக் கலைச்சொற்கள் இருக்கின்றன. மழை பெய்த நிலையங்கள் மொத்தத்தில் 25 விழுக்காடு வரை இருந்தால் ஒரு சொல். 26 முதல் 50 வரை வேறொன்று. 51 முதல் 75 வரை மற்றொன்று. அதற்கு மேல் இன்னொன்று. இங்கே எண்ணப்படுபவை ஊர்கள் அல்ல, மழைமானி வைத்த நிலையங்கள். மானி இல்லாத ஊரில் எவ்வளவு கொட்டினாலும் அது கணக்கில் ஏறாது. கனமழை என்பதற்கும் எல்லை உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை, 204.5 தொட்டால் அதிகனமழை. அந்த 24 மணி நேரம் காலை 8.30க்கு முடிகிறது. ஞாயிறு மாலை பெய்த மழை திங்கள்கிழமைக் கணக்கில் வருவது இதனால்.

கரிசலில் மழைக்கு வேறு அளவை உண்டு. ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்தால் அது ஒரு உழவு மழை. இது வானத்திலிருந்து விழுந்ததை அளக்கவில்லை. மண்ணுக்குள் போனதை அளக்கிறது. காய்ந்து வெடித்த கரிசலில் மெதுவாக ஒரு நாள் பெய்த மழையும், அரை மணியில் கொட்டி ஓடையில் ஓடிவிட்ட மழையும் மானியில் ஒரே எண்ணாக இருக்கலாம். உழவு மழைக் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல. புழுதி விதைப்புச் செய்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கும் சம்சாரிக்கு, அதாவது விவசாயிக்கு, வேண்டிய தகவல் இந்த உழவு மழைக் கணக்குதான். வேளாண் அறிவிப்பு எழுதுபவர் இரண்டு அளவைகளையும் தெரிந்திருந்தால்தான் அறிவிப்பு பயன்படும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளக்காடானது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவாயிற்று. அதிகனமழை என்னும் வகுப்பின் தொடக்கம் 20.45 செ.மீ.; அதைப்போல நான்கு மடங்குக்கும் மேலான மழைக்கும் அதே வகுப்புச் சொல்தான். கலைச்சொல் தீர்ந்துபோன அந்த இடத்தை ஊடக ஆங்கிலம் "வரலாறு காணாத", "முன்னெப்போதும் இல்லாத" என்ற பொருள் தரும் அடைமொழிகளால் நிரப்பியது. ரெட் அலர்ட் என்பதும் அதே நேரத்தில் கவனிக்கத்தக்கது. துறையின் வழக்கில் மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. அதாவது நிர்வாகத்துக்கான கட்டளைப் படிநிலை. செய்தியில் அது மக்களுக்கான அச்சத்தின் நிறமாக மாறிவிடுகிறது. யார் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி செய்தியிலிருந்து உதிர்ந்துவிட, நிறம் மட்டும் தங்குகிறது.

பயிர்க் காப்பீட்டு ஆங்கிலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இழப்பீடு ஒரு வாய்ப்பாட்டிலிருந்து வருகிறது: கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரி விளைச்சலை இழப்பீட்டு மட்டத்தால் பெருக்கினால் வருவது வரம்பு விளைச்சல், பயிர் அறுவடைச் சோதனையில் கிடைத்தது அதற்குக் கீழே எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் தொகை. இந்தக் கணக்கு தனி வயலுக்கு அன்று, அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்கும். உளுந்தும் பாசியும் கண்முன்னே அழுகிப்போன ஒருவருக்கு, பகுதிச் சராசரி குறையவில்லை என்ற ஒரு வாக்கியம் தன் வயலையே மறுப்பதாகத் தோன்றுவது இயல்பு. விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கங்களில் ஆண்டுதோறும் எழும் காப்பீட்டுக் கோரிக்கைகளில் ஒரு பகுதி, விதியின் மொழி உரிய நேரத்தில் தமிழில் விளக்கப்படாததால் எழுந்ததாக இருக்கலாம்.

பத்திரிகை ஆங்கிலத்துக்கும் கரிசலுக்கும் உள்ள உறவு பழையது. தி இந்து 1878இல் தொடங்கியபோது அதன் நிறுவனர்களில் ஒருவராக இருந்த ஜி. சுப்பிரமணிய ஐயரே 1882இல் சுதேசமித்திரனையும் தொடங்கினார். கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரத்தில் அதே 1882இல் பிறந்த பாரதி, 1904 நவம்பரில் அந்தச் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். ஆங்கிலத் தந்திச் செய்திகளையும் தலைவர்களின் ஆங்கிலச் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது அவருடைய அன்றாடப் பணி. தமிழ் இதழியல் உரைநடை உருவானதில் இந்த மொழிபெயர்ப்பு மேசைக்குப் பெரும் பங்கு உண்டு. அப்போது செய்தி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தது. இன்று மாவட்டச் செய்தி எதிர்த்திசையில் போகிறது: சம்சாரியின் தமிழ்ப் பேச்சு, தாலுகா நிருபரின் குறிப்பு, மாவட்டச் செய்தியாளரின் ஆங்கிலம், நகரத்து மேசையின் திருத்தம், தலைப்பு. ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று குறைகிறது, ஏதோ ஒன்று சேர்கிறது. புறம்போக்கு, பட்டா, பிர்கா போன்ற சொற்கள் எல்லாப் படிகளையும் தாண்டி ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டன. பேசியவரின் காரண விளக்கம்தான் பெரும்பாலும் முதலில் வெட்டுப்படுகிறது. "கண்மாயைத் தூர் வாராததால் தண்ணீர் நிற்கவில்லை" என்று சொன்னவர், அச்சில் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் பாதிக்கப்பட்டவராக மட்டும் நிற்கிறார்.

தலைப்பு மொழி தனி இலக்கணம் கொண்டது. நடந்து முடிந்ததற்கு நிகழ்காலம், வரப்போவதற்கு வினையின் அடிவடிவம், துணைவினையும் "ஏ", "தி" போன்ற சிறு சொற்களும் நீக்கம், நீளமான வினைக்குப் பதில் "சீக்", "அர்ஜ்", "ஹெல்ட்" போன்ற குறுஞ்சொல். இவை பத்தியின் அகலம் விதித்த கட்டுப்பாடுகள். ஆனால் இடத்தை மிச்சப்படுத்தும் அதே உத்திகள், செய்தவரையும் மிச்சப்படுத்திவிடக் கூடியவை. இதை முதலில் விரிவாகக் காட்டியவர்களில் ஒருவர் டோனி ட்ரூ. 1975இல், இன்று ஹராரே எனப்படும் சாலிஸ்பரியில் போலீசார் சுட்டதில் கறுப்பின மக்கள் இறந்ததை லண்டன் நாளிதழ்கள் எப்படித் தலைப்பிட்டன என்று அவர் ஒப்பிட்டார். ஒன்றில் போலீஸ் எழுவாயாக முன்னே நின்றது. மற்றொன்றில் இறந்தவர்கள் கலகக்காரர்கள் என்ற அடையுடன் முன்னே வந்தார்கள், போலீஸ் வாக்கியத்தின் வாலுக்குப் போனது. 1979இல் ரோஜர் ஃபௌலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட தொகுப்பில் இந்த ஆய்வு இடம்பெற்றது. விமர்சன மொழியியல் என்னும் துறை அங்கிருந்து கிளம்பியது.

தூத்துக்குடி மாவட்டத்துக்கு இந்த ஆய்வு தொலைதூரச் சங்கதி அன்று. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். இந்திய நாளிதழ் ஆங்கிலத்தில் இத்தகைய நிகழ்வுகளுக்கு நெடுங்காலமாக நிலைத்த வடிவம் "போலீஸ் ஃபயரிங்கில் கொல்லப்பட்டனர்" என்பது. சுடுதல் என்ற வினை பெயராக இறுகி, ஒரு விபத்தைப்போல, ஒரு மழையைப்போல, தானே நிகழ்ந்த சம்பவமாகிவிடுகிறது. சுட்டவர் அந்தப் பெயருக்கு முன்னால் அடையாகச் சுருங்குகிறார். சுட உத்தரவிட்டவருக்கு வாக்கியத்தில் இடமே இல்லை. "போலீசார் 13 பேரைச் சுட்டுக் கொன்றனர்" என்பதும் அதே உண்மைகளைக் கொண்ட வாக்கியம்தான். ஆனால் அதைப் படித்ததும், ஏன் சுட்டனர், யார் சொல்லிச் சுட்டனர் என்ற கேள்வி எழுந்தே தீரும். தமிழ்ச் செய்தியின் "துப்பாக்கிச் சூட்டில் பலி" என்ற வழக்கும் இந்த ஆங்கில வடிவத்துக்கு இணையானதே. எனவே இது மொழியின் குணம் அன்று, செய்தி எழுத்தின் பழக்கம். விசாரணை முடியாத நிலையில் எச்சரிக்கையோடு எழுதுவது, நேர நெருக்கடி, போலீஸ் குறிப்பையே ஆதாரமாகக் கொள்வது ஆகியவை அதற்குக் காரணங்கள். ஒவ்வொரு செய்தியாளரும் திட்டமிட்டு மறைத்தார் என்று சொல்வது நியாயம் அன்று. ஆனால் இந்தத் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட பிறகு, பொறுப்பு யாருடையது என்பது ஆவணத்தில் பேசப்பட்டுவிட்டது. அதன் பின்னும் பழைய பெயர்ச்சொல்லையே எழுதிக்கொண்டிருப்பதற்கு எச்சரிக்கை என்ற காரணம் செல்லாது.

பட்டாசு, தீப்பெட்டி விபத்துச் செய்திகளிலும் இதே அமைப்பு வேலை செய்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெடிவிபத்து உட்பட, இப்பகுதியின் செய்திகளில் "மிஸ்ஹாப்" என்னும் சொல் தாராளமாகப் புழங்குகிறது. அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து வைத்திருந்தார்களா, ஒரே அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பவை, செய்தியில் இருந்தாலும், கடைசிப் பத்தியில் வரும். முக்கியமானது முதலில், அடுத்தது பின்னால் என்னும் தலைகீழ்ப் பிரமிடு அமைப்பில், இடம் போதாவிட்டால் மேசை வெட்டுவது அந்தக் கடைசிப் பத்தியைத்தான்.

இனி எழுத வேண்டியவர்களின் பக்கம். கோவில்பட்டியின் ஜி. வெங்கடசாமி நாயுடு கல்லூரியும், 1984இல் தொடங்கிய நேஷனல் பொறியியல் கல்லூரியும் கரிசல் கிராமங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரை உருவாக்கியுள்ளன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் முதல் இரு பருவங்களிலும் தொழில்சார் ஆங்கிலம் ஒரு பாடம். மாணவர்கள் இடறும் இடம் வேலை விண்ணப்பக் கடிதம். அவர்கள் வீட்டில் பார்த்து வளர்ந்த எழுத்து வடிவம் மனு. கோட்டாட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர், கேட்பவரின் நிலையைத் தாழ்த்தி, அதிகாரியின் கருணையை உயர்த்தி, குடும்பக் கஷ்டத்தை விவரித்து, ஆவன செய்யக் கேட்டு முடிப்பார். அலுவலகத்தில் அந்த வடிவத்துக்கு வேலை உண்டு, பலனும் உண்டு. ஆனால் பாட்டியா காட்டியபடி, வேலை விண்ணப்பத்தின் அமைப்பு விற்பனைக் கடிதத்தின் அமைப்போடு ஒத்தது: தகுதியை நிறுவுதல், தன்னை முன்வைத்தல், பெறுபவருக்கு என்ன பயன் என்று காட்டுதல், சான்றுகளை இணைத்தல், பதிலைக் கோருதல். மனுவின் நகர்வுகளோடு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து எழுதினால் இலக்கணம் சரியாக இருந்தும் கடிதம் தோற்கிறது. விடுமுறையில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்ததை வறுமைக்குச் சான்றாக எழுதும் மாணவர், அங்கே நாளொன்றுக்கு எத்தனை பண்டல் அனுப்பினார்கள், கணக்குச் சிட்டையைத் தான் எப்படி வைத்திருந்தார் என்று எழுதினால் அதே அனுபவம் தகுதியாகிவிடும். இந்த வேறுபாட்டைச் சொல்லித் தருவதற்கு ஒரு வகுப்பு போதும். சொல்லித் தராமல் விடுவதால் ஆண்டுக்கணக்கில் நல்ல பிள்ளைகள் முதல் கட்டத்திலேயே கழிக்கப்படுகிறார்கள்.

இப்பகுதியின் கல்லூரிகள் செய்யத்தக்க பணி, வட்டார ஆங்கிலத் தரவகம் ஒன்றைத் தொகுப்பது. முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. இடைசெவலில் வாழ்ந்த கி. ராஜநாராயணன், கரிசல் வழக்குச் சொற்களை மக்களின் வாயிலிருந்து திரட்டி அகராதியாக்கினார். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, சேகரிக்கும் பொறுமையால் நடந்த வேலை அது. அதே பொறுமையோடு பெட்டிச் சீட்டுகள், சரக்குத் தாள்கள், வானிலை அறிக்கைகளும் அவற்றின் தமிழ் வடிவங்களும், காப்பீட்டு அறிவிப்புகள், மாவட்டப் பக்கச் செய்திகள், விண்ணப்பக் கடிதங்கள் ஆகியவற்றைத் திரட்டலாம். ஒவ்வொன்றுக்கும் தேதி, எழுதியவரின் பணி, யாருக்காக எழுதப்பட்டது, எந்த விதி அதை ஆள்கிறது என்ற நான்கு குறிப்புகள் வேண்டும்; அவை இல்லாத தாளால் மொழி ஆய்வுக்குப் பயன் குறைவு. ஒரே நிகழ்வின் தமிழ்ச் செய்தியையும் ஆங்கிலச் செய்தியையும் இணையாக வைக்க வேண்டும். எந்தப் படியில் எது உதிர்ந்தது என்பது அப்போதுதான் தெரியும். மனுக்களிலும் விண்ணப்பங்களிலும் உள்ள பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்கிய பிறகே தொகுப்பில் சேர்க்க வேண்டும். எழுதியவரின் சம்மதமும் எழுத்தில் பெறப்பட வேண்டும்.